பித்தம் சொன்ன பாட்டி, ஆஸ்பிரின் சொன்ன தம்பி

சித்தப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று உறுதியான அன்று மாலை, ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார்கள்.

முதலில் பாட்டி. "அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே பித்த உடம்புடா. பித்தம் குடல்ல எறங்கிடுச்சு. வேற ஒண்ணுமில்ல."

அடுத்தது சித்தப்பாவின் மகன். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டான்: "அண்ணே, தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் போட்டா இது வராதாமே? கடைக்கு வர்ற ஒருத்தர் சொன்னாரு. நான் போட்டுக்கலாமா?"

பாட்டி சொன்னதற்கு மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். தம்பி கேட்டதற்கு, "படிச்சுப் பார்த்துச் சொல்றேன்டா" என்றேன். சர்ஜன் அன்றைக்குத்தான் சொல்லியிருந்தார்: பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், மற்றவர்களை விட ஆபத்து அதிகம்; அப்பாவும் தம்பியும் உரிய காலத்தில் குடலை உள்நோக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே தம்பியின் கேள்வி பொழுதுபோகாமல் கேட்ட கேள்வி இல்லை.

படிக்கப் போனவன் மாதக்கணக்கில் திரும்பவில்லை. நான் மென்பொருள் எழுதுகிறவன்; மருத்துவம் என் துறையல்ல. ஆனால் ஒரு பக் எங்கிருந்து வந்தது என்று பழைய பதிவுகளைத் தோண்டித் தோண்டிப் பின்னால் போவது பழகிப்போன வேலை. அப்படிப் போனதில் ஒன்று தெரிந்தது. பாட்டியின் வாக்கியத்துக்கும் தம்பியின் வாக்கியத்துக்கும் பின்னால் ஆளுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகக் கிளம்பி, 1990களில் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன.

முனிச் நகரத்துப் பித்தம்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவத்தின் பித்தமும் வேதியியலின் பித்தநீரும் ஒன்றல்ல. வாதம், பித்தம், கபம் என்பது உடலைப் புரிந்துகொள்ளும் ஒரு முறை. பித்தநீர் என்பது கல்லீரல் சுரக்கும் மஞ்சள் பச்சைத் திரவம், பாட்டிலில் பிடித்து வைக்கலாம். ஐரோப்பாவிலும் இந்தக் குழப்பம் உண்டு. ரோமானியக் காலத்து மருத்துவர் காலன், உடலில் கறுப்புப் பித்தம் மிகுந்து தேங்குவதால் புற்றுநோய் வருகிறது என்றார். கறுப்புப் பித்தம் என்ற ஒன்றைப் பிற்கால உடற்கூறாளர்கள் கண்டதேயில்லை. என்றாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கருத்து நின்றது.

நிஜமான பித்தநீருக்குள் என்ன இருக்கிறது என்று விடாப்பிடியாகத் தேடியவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஹைன்ரிஷ் வீலாண்ட். பித்த அமிலங்களின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 1927ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் அப்போது முன்வைத்த அமைப்பு தவறானது. 1932இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் பெர்னல் கொடுத்த துப்பை வைத்துத்தான் சரியான வடிவம் வந்தது. வீலாண்டும் முகம் கோணாமல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்த வருடம், 1933இல், அவரும் எலிசபெத் டேனும் டிஆக்ஸிகோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தை ஆய்வகத்தில் படிப்படியாக மாற்றிக்கொண்டே போய் ஒரு புதுப் பொருளை எட்டினார்கள். அதற்கு மெத்தில்கோலாந்த்ரீன் என்று பெயர். பித்த அமிலத்தின் வடிவத்தை உறுதிப்படுத்தத்தான் இந்த வேலை. புற்றுநோய் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

கணக்கில் வைத்திருந்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். எர்னஸ்ட் கென்னவே, ஜேம்ஸ் குக் ஆகியோரின் குழு, தாரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எது என்று தேடிக்கொண்டிருந்தது. புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதை 1775இலேயே பெர்சிவல் பாட் எழுதியிருந்தார். 1915இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் விடாமல் தார் தடவிப் புற்றுநோயை வரவழைத்துக் காட்டினார்கள். லண்டன் குழு இரண்டு டன் தார்ப்பிசினை வடித்து, அதிலிருந்து பென்சோபைரீன் என்ற பொருளை 1933இல் பிரித்தெடுத்தது. அதே குழுவின் கைக்கு மெத்தில்கோலாந்த்ரீனும் வந்தது. சோதித்தால், அவர்கள் பார்த்தவற்றிலேயே கொடியவற்றுள் ஒன்று அது.

அந்தக் கணத்தின் திகிலை யோசித்துப் பாருங்கள். தார் வெளியிலிருந்து வருவது. பித்த அமிலம் ஒவ்வொரு மனிதனின் வயிற்றிலும் தினமும் ஓடுவது. ஆய்வகத்தில் சில படிகளில் நடக்கும் மாற்றம் உடலுக்குள்ளும் நடந்தால்? 1940இல் குக்கும் கென்னவே தம்பதியும் டிஆக்ஸிகோலிக் அமிலத்தையே எலிகளுக்குச் செலுத்தி, சிலவற்றில் கட்டி வந்ததாக நேச்சர் இதழில் எழுதினார்கள்.

ஆனால் உடலுக்குள் அந்த மாற்றம் நடப்பதாக ஒருவராலும் காட்ட முடியவில்லை. அதன்பின் முப்பது வருடம் இந்தக் கோப்பு கிட்டத்தட்ட மூடிக் கிடந்தது.

நேர்வாளம் காட்டிய வழி

கோப்பை மறுபடி திறக்க ஒரு கருத்து தேவைப்பட்டது. அந்தக் கருத்து வந்தது நேர்வாளத்திலிருந்து.

நேர்வாளம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சுத்தி செய்யாமல் தொட்டால் வயிற்றைக் கலக்கி ஆளைச் சாய்க்கும் கடும் பேதி மருந்து. அதன் எண்ணெயை ஆக்ஸ்ஃபோர்டில் ஐசக் பெரன்ப்ளூம் 1940களில் எலிகளின் தோலில் தடவிப் பார்த்தார். எண்ணெயை மட்டும் தடவினால் தோல் சிவந்து புண்ணாகும், புற்றுநோய் வராது. புற்றுநோய் தரும் பொருளை மிகச் சிறிய அளவில் ஒரே ஒரு முறை மட்டும் தடவினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த ஒரு முறைக்குப் பிறகு வாரக்கணக்கில் நேர்வாள எண்ணெயைத் தடவிக்கொண்டே வந்தால், கட்டிகள் முளைத்தன.

ஆகப் புற்றுநோய்க்கு இரண்டு கட்டம் உண்டு என்றார் பெரன்ப்ளூம். முதல் கட்டம், செல்லின் மரபணுவில் விழும் ஒரு கீறல். இரண்டாவது, கீறல் விழுந்த செல்லைப் பெருகு பெருகு என்று தூண்டிக்கொண்டே இருக்கும் எரிச்சல். முதலாவதைத் தொடக்கி என்றும் இரண்டாவதை ஊக்கி என்றும் சொல்லலாம். முதலாவது ஒரு நொடியில் முடிந்துவிடலாம். இரண்டாவது வருடக்கணக்கில் நடக்கும்.

என் தொழிலில் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தவறான ஒரு வரி நிரலில் எப்போதோ எழுதப்பட்டிருக்கும். ஒன்றும் ஆகாது. போக்குவரத்து கூடி, சர்வர் மாதக்கணக்கில் ஓயாமல் ஓடும்போதுதான் அந்த வரி உயிர்பெறும். குற்றம் வரியிலா, சுமையிலா? இரண்டிலும்தான்.

உகாண்டாவும் மலச் சோதனையும்

1960களின் இறுதியில் பெருங்குடல் புற்றுநோய் பற்றி ஒரு புதிர் எல்லோர் கண்ணிலும் பட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏராளம். ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் இந்தியாவிலும் ஜப்பானிலும் மிகக் குறைவு. பரம்பரை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர்களுக்கு ஒன்றிரண்டு தலைமுறைக்குள் இந்த நோய் அமெரிக்க அளவுக்கு ஏறியது. அப்படியென்றால் காரணம் ரத்தத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது.

இந்தப் புதிரை மக்கள் மத்தியில் கொண்டுபோனவர் டெனிஸ் பர்க்கிட். அயர்லாந்துக்காரர், பதினொரு வயதில் ஒரு கண்ணை இழந்தவர், உகாண்டாவில் நீண்டகாலம் அறுவை மருத்துவராக இருந்தவர். குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுநோய்க்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கிராமவாசி நார்ச்சத்து நிறைந்த உணவைத் தின்கிறான், அவன் குடலில் உணவு தங்கும் நேரம் குறைவு, மலத்தின் அளவு அதிகம் என்றார் பர்க்கிட். மலத்தை எடைபோட்டு, நேரம் பார்த்து ஆராய்ச்சி செய்தவரை முதலில் கேலி செய்தார்கள். கூட்டங்களில் அவரே அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பாராம்.

அதே நேரத்தில் லண்டனில் மைக்கேல் ஹில், ட்ராசர் உள்ளிட்ட குழு கொஞ்சம் ஆழமாகப் போனது. 1971இல் லான்செட் இதழில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, நோய் மிகுந்த நாட்டு மக்களின் மலத்தையும் நோய் குறைந்த நாட்டு மக்களின் மலத்தையும் ஒப்பிட்டது. ஒரு பக்கம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா. மறுபக்கம் உகாண்டா, இந்தியா, ஜப்பான். முதல் கூட்டத்தாரின் மலத்தில் பித்த அமிலங்கள் அதிகம். அவற்றைச் சிதைத்து மாற்றும் பாக்டீரியாக்களின் வேலையும் அதிகம். மூடிக்கிடந்த கோப்பு திறந்தது.

இங்கே பித்தநீரின் பயணத்தைச் சொல்ல வேண்டும். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களைச் செய்கிறது. அவை சோப்பு மாதிரி. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்வதைத்தான் சிறுகுடலில் கொழுப்புக்கு இவை செய்கின்றன. வேலை முடிந்ததும் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும். மிச்சம் பெருங்குடலுக்குள் நழுவிவிடும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்களில் சில, கல்லீரல் செய்த கோலிக் அமிலத்தின் ஒரு மூலையைக் கழற்றி டிஆக்ஸிகோலிக் அமிலமாக மாற்றுகின்றன. இன்னொன்றை லித்தோகோலிக் அமிலமாக்குகின்றன. இவை குடல் சுவருக்கு அதிகம் எரிச்சலூட்டுபவை. கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் பித்தம் அதிகம் சுரக்கும். பெருங்குடலுக்கு நழுவுவதும் அதிகமாகும்.

ஆக, 1933இல் வீலாண்ட் கையில் வைத்திருந்த அதே டிஆக்ஸிகோலிக் அமிலம் மனிதக் குடலில் பாக்டீரியாக்களின் கைவேலை. அதை இன்னும் கொடியதாக மாற்றும் படிகளைத்தான் எல்லோரும் தேடினார்கள். அப்படிகள் தேவையே இல்லை என்று காட்டியது நியூயார்க்கில் எர்ன்ஸ்ட் வைண்டரின் அமெரிக்கன் ஹெல்த் ஃபவுண்டேஷன். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இலேயே எழுதியவர் இந்த வைண்டர். அங்கே 1974இல் டோமியோ நரிசாவாவும் சக ஆய்வாளர்களும் எலிகளின் குடலில் முதலில் புற்றுநோய் தரும் ஒரு வேதிப்பொருளையும் பிறகு பித்த அமிலத்தையும் செலுத்தினார்கள். பித்த அமிலம் மட்டும் பெற்ற எலிகளுக்குக் கட்டி வரவில்லை. இரண்டும் பெற்றவற்றுக்கு, வேதிப்பொருள் மட்டும் பெற்றவற்றை விட அதிகம் வந்தது. பண்டாரு ரெட்டியின் குழு இதைப் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளிலும் தொடர்ந்து சோதித்தது.

பித்த அமிலம் நேர்வாள எண்ணெயின் வேலையைச் செய்கிறது. தீ வைப்பது வேறு யாரோ. இது ஊதிக்கொண்டே இருக்கிறது.

நரிசாவா என்ற பெயரை நினைவில் வையுங்கள். திரும்ப வருவார்.

டென்வரில் மறைந்த கட்டிகள்

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். ஆஸ்பிரின் 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் தூய வடிவில் தயாரிக்கப்பட்டு, 1899இல் கடைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஏழு தசாப்தங்கள் ஒருவருக்கும் தெரியாது. காய்ச்சல் போகிறது, வலி போகிறது, போதாதா? 1971இல்தான் லண்டனில் ஜான் வேன், புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களை உடல் தயாரிப்பதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று காட்டினார். வலி, வீக்கம், சூடு என்று அழற்சியின் அத்தனை லட்சணங்களிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. 1982இல் வேனுக்கு நோபல் கிடைத்தது. ஹில் குழுவின் மல ஆய்வும் வேனின் ஆஸ்பிரின் ஆய்வும் ஒரே ஆண்டில், ஒரே நகரத்தில். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இருப்பதாக அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்?

1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் வாடெல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சில குடும்பங்களில் பெருங்குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் சிறு முளைகள் வரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. இந்த முளைகளைப் பாலிப் என்பார்கள். விட்டுவைத்தால் நாற்பது வயதுக்குள் எப்படியும் ஒன்று புற்றுநோயாகும். ஆகவே குடலையே எடுத்துவிடுவார்கள். இந்த நோயுள்ளவர்களுக்கு வேறிடத்தில் வரும் ஒருவகைக் கட்டிக்காக வாடெல், சுலிண்டாக் என்ற மூட்டுவலி மாத்திரையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் குடலைப் பார்த்தால் பாலிப்களைக் காணோம்.

ஒரு மருத்துவர், கைவிரல் எண்ணிக்கையில் நோயாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. பலர் நம்பவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்பே விலங்குகளில் சாட்சி இருந்தது. 1981இல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வு, இண்டோமெதசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து எலிகளின் குடல் புற்றுநோயைத் தடுப்பதாகச் சொன்னது. முதல் ஆசிரியர் பெயர் நரிசாவா. ஏழு வருடம் முன்பு பித்தநீர் எப்படி நோயை வளர்க்கிறது என்று காட்டியவர், இப்போது மூட்டுவலி மருந்து எப்படி அதை அடக்குகிறது என்று காட்டினார்.

பிறகு மக்கள் கூட்டத்திலிருந்து சாட்சி வந்தது. மெல்போர்னில் கேப்ரியல் குனே, குடல் புற்றுநோய் வந்த எழுநூறு சொச்சம் பேரையும் வராத அதே அளவு பேரையும் ஒப்பிட்டு 1988இல் எழுதினார். ஆஸ்பிரின் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் 40 சதவீதம் குறைவு. 1991இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் மைக்கேல் துன் 6,62,424 பேரின் தரவை அலசினார். மாதம் பதினாறு தடவைக்கு மேல் ஆஸ்பிரின் எடுத்தவர்கள் குடல் புற்றுநோயால் இறப்பதும் ஏறக்குறைய அதே 40 சதவீதம் குறைவு.

1993இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஜியார்டியெல்லோ, வாடெலின் மருந்தை முறையான சோதனைக்கு உட்படுத்தினார். 22 நோயாளிகள்; பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஒன்பது மாதத்தில் மருந்து எடுத்தவர்களின் பாலிப் எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்ததில் 44 சதவீதமாகக் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் பாலிப்கள் திரும்ப முளைத்தன. வாடெல் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கடைசி வரியையும் கவனிக்க வேண்டும். மருந்து பாலிப்களை அடக்கித்தான் வைத்திருந்தது, அழிக்கவில்லை.

இரண்டு பாதையும் ஒரே வாசலில்

1990களின் தொடக்கத்தில் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் நொதி ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. காக்ஸ்-1 உடலில் எப்போதும் வேலையில் இருப்பது, வயிற்றின் உட்சுவரைக் காப்பது. காக்ஸ்-2 கூப்பிட்டால் மட்டும் வருவது. காயம், எரிச்சல், தொற்று என்றால் வரும். 1994இல் ரேமண்ட் டுபாய்ஸின் குழு, பெரும்பாலான குடல் புற்றுநோய்களில் காக்ஸ்-2 கிடுகிடுவென்று ஏறியிருப்பதைக் கண்டது. 1996இல் ஜப்பானின் ஒஷிமாவும் டகேட்டோவும், பாலிப் வரும்படி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் காக்ஸ்-2 மரபணுவையே நீக்கினார்கள். சராசரி 652 பாலிப் இருந்த இடத்தில் 93 ஆனது.

சரி, குடலில் காக்ஸ்-2வைக் கூப்பிடுவது யார்? பலர் கூப்பிடலாம். அவர்களில் ஒருவரை 1998இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ டானன்பர்க்கின் குழு பிடித்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்ச் செல்களின் மீது டிஆக்ஸிகோலிக் அமிலத்தை விட்டபோது, காக்ஸ்-2 மரபணு விழித்துக்கொண்டது.

இதைப் படித்த இரவு நான் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். பாட்டியின் பித்தம் தட்டுகிற கதவும் தம்பியின் மாத்திரை சாத்துகிற கதவும் ஒன்றே. பாட்டிக்கு இது எதுவும் தெரியாது, அவள் சொன்ன பித்தமும் இது இல்லை. இருந்தாலும் வராந்தாவில் சிரித்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் தம்பியிடம் "போட்டுக்கோடா" என்று சொல்லியிருப்பேன்.

2004, செப்டம்பர் 30

காக்ஸ்-1ஐத் தொடாமல் காக்ஸ்-2வை மட்டும் தடுக்கும் மருந்து வந்தால் வயிறும் புண்ணாகாது, வலியும் போகும், புற்றுநோயும் வராது. இந்த நம்பிக்கையில் வந்தவை செலிகாக்ஸிபும் ரோஃபிகாக்ஸிபும். 1999 இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பரம்பரைப் பாலிப் நோய்க்குச் செலிகாக்ஸிபை அனுமதித்தது. ரோஃபிகாக்ஸிப், மெர்க் நிறுவனத்தின் வயாக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் மூட்டுவலிக்கு விற்றது.

பாலிப் ஒருமுறை வந்து நீக்கப்பட்டவர்களுக்கு மறுபடி வராமல் தடுக்குமா என்று பார்க்க, மெர்க் 2,586 பேரை வைத்து மூன்று வருடச் சோதனை ஒன்றைத் தொடங்கியது. பாதிப் பேருக்கு வயாக்ஸ், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வயாக்ஸ் எடுத்தவர்களில் 46 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்த உறைவுப் பாதிப்புகள். வெற்று மாத்திரைக்காரர்களில் 26 பேருக்கு. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் உலகச் சந்தையிலிருந்தே மருந்தை விலக்கிக்கொண்டது. இந்தியாவிலும் அந்த வருட இறுதியில் தடை வந்தது.

அதற்கு முன்பே, 2000இல், வேறொரு சோதனையில் மாரடைப்பு அதிகமாகத் தெரிந்திருந்தது. அந்தச் சோதனையில் ஒப்பீட்டுக்குக் கொடுத்தது வெற்று மாத்திரை அல்ல, நாப்ராக்ஸன் என்ற இன்னொரு வலி மருந்து. வயாக்ஸ் கெடுக்கவில்லை, நாப்ராக்ஸன் இதயத்தைக் காக்கிறது என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. வெற்று மாத்திரையோடு நேருக்கு நேர் நின்ற குடல் சோதனை அந்த விளக்கத்தைக் கிழித்துப் போட்டது. அந்த டிசம்பரிலேயே செலிகாக்ஸிபின் பாலிப் சோதனையும் இதே காரணத்துக்காக நிறுத்தப்பட்டது. அதில் வெற்று மாத்திரைக்காரர்களில் 1 சதவீதம் பேருக்கும், அதிக அளவு மருந்து எடுத்தவர்களில் 3.4 சதவீதம் பேருக்கும் இதயப் பாதிப்பு.

கசப்பான விஷயம், மருந்துகள் பாலிப்பைக் குறைக்கத்தான் செய்தன. குறி தப்பவில்லை. ஆனால் ரத்தக் குழாய்களில் உறைவைத் தடுக்கும் ஒரு பொருளைத் தயாரிப்பதும் காக்ஸ்-2தான். அதை அணைத்தால் அதுவும் அணைந்தது. குடலுக்காக இழுத்த கயிறு இதயத்தில் கட்டியிருந்தது.

பித்தநீர் பக்கமும் இப்படி ஒரு பாடம் உண்டு. கரடியின் பித்தத்தில் கிடைக்கும் உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் மென்மையானது, டிஆக்ஸிகோலிக் அமிலத்துக்கு எதிரி என்று நம்பினார்கள். 2005இல் வெளியான 1,285 பேர் கொண்ட சோதனையில், பாலிப் திரும்ப வருவதை அது உறுதியாகக் குறைக்கவில்லை. கல்லீரல் பித்தக்குழாய் நோயோடு குடல் அழற்சியும் உள்ளவர்களுக்கு அதிக அளவில் கொடுத்தபோது குடல் கட்டிகள் கூடியதாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது. நல்ல பித்தத்துக்கும் அளவு உண்டு.

காலம் என்ற மருந்து அளவு

பழைய ஆஸ்பிரின் என்ன ஆனது? அதன் கதை வேறு மாதிரிப் பொறுமையைக் கேட்டது.

லிஞ்ச் நோய்க்குறி என்று இன்னொரு பரம்பரைப் பிரச்சினை உண்டு. மரபணுவில் எழுத்துப் பிழை திருத்தும் வேலை பழுதாகி, குடல் புற்றுநோய்க்கு வாய்ப்பு பலமடங்காவது. இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜான் பர்ன் தலைமையில் 861 பேருக்கு ஆஸ்பிரினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். தினம் 600 மில்லிகிராம், இரண்டு முதல் நான்கு வருடம். 2008இல் முடிவு வெளியானது: பலன் இல்லை. பலர் கோப்பை மூடியிருப்பார்கள். பர்ன் குழு அந்த ஆட்களைத் தொடர்ந்து பின்பற்றியது. 2011இல் வித்தியாசம் தெரியத் தொடங்கியது. 2020இல் பார்த்தபோது, ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் குடல் புற்றுநோய். மாத்திரையை நிறுத்திப் பல வருடம் கழித்து வந்த பலன். அதே வருடம் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினைப் பரிந்துரைத்தது.

சாதாரண ஆட்களுக்கு? அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2016இல் ஐம்பதுகளில் உள்ள சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை ஆமோதித்தது. 2018இல் ஆஸ்திரேலியா, அமெரிக்காவைச் சேர்ந்த 19,114 முதியவர்களை வைத்து நடந்த சோதனை, ஆஸ்பிரின் எடுத்தவர்களில் புற்றுநோய் மரணம் சற்று அதிகம் என்றது. ரத்தக் கசிவும் கூடியது. 2022இல் அமெரிக்கக் குழு, குடல் புற்றுநோயைத் தடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பின்வாங்கியது. இரண்டு முடிவும் பொய்யில்லை. பாலிப் தொடங்கும் முன் வருடக்கணக்கில் எடுப்பது ஒன்று. எழுபது வயதில் தொடங்கி ஐந்து வருடம் எடுப்பது இன்னொன்று. 2025இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த சோதனை ஒன்று இன்னும் நுணுக்கமாகப் போனது. அறுவை முடிந்த நோயாளிகளில், கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குத் தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மூன்று வருடம். நோய் திரும்பியது 14.1 சதவீதத்திலிருந்து 7.7 சதவீதமானது. யாருக்கு, எப்போது, எத்தனை காலம் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் மருந்து.

உணவின் பக்கம் ஆச்சரியம் வேறு திசையில் இருந்தது. 2015இல் ஸ்டீபன் ஓ'கீஃப் குழு, இருபது அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு ஆப்பிரிக்கக் கிராமத்து உணவையும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் இருபது பேருக்கு அமெரிக்க உணவையும் கொடுத்தது. இரண்டே வாரம். அமெரிக்கர்களின் குடலில் பாக்டீரியா தயாரிக்கும் பித்த அமிலங்கள் 70 சதவீதம் குறைந்தன. ஆப்பிரிக்கர்களுக்கு 400 சதவீதம் ஏறின. குடல் சுவரின் அழற்சியும் அதே போக்கில் மாறியது. மலத்தை எடைபோட்ட பர்க்கிட் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் இதுவும் அறிகுறிகளின் மாற்றம்தான். புற்றுநோய் குறைந்ததா என்று சொல்ல இரண்டு வாரம் போதாது, இருபது வருடம் வேண்டும்.

தம்பிக்குச் சொன்னது

சித்தப்பா அறுவைக்குப் பின் கீமோ முடித்து வீட்டில் இருக்கிறார். மோர்ச்சோறு இறங்குகிறது. போன மாதம் தம்பி மறுபடி கேட்டான். "என்னண்ணே, படிச்சீங்களா? போடவா வேண்டாமா?"

நூறு வருடத்தை எப்படி ஒரு வாக்கியத்தில் சொல்வது? முயன்றேன். "நீயா எடுத்துப் போடாதடா. கடையில கைக்கெட்டுற தூரத்துல இருக்குங்கிறதுக்காகப் போடக் கூடாது. வயித்துல ரத்தம் கசியும். முதல்ல டாக்டர்கிட்ட கேட்டு, சித்தப்பாவோட கட்டியில லிஞ்ச் இருக்கான்னு சோதிக்கச் சொல்லு. இருந்தா உனக்கும் பார்க்கணும். அப்ப ஆஸ்பிரின் பத்தி அவரே பேசுவார். இல்லைன்னா ஸ்கோப்பிய மட்டும் தள்ளிப்போடாத. பாலிப்பைக் கண்ணால பார்த்து எடுத்துடறதுதான் இன்னைக்கு நிச்சயமா கையில இருக்கிற வழி."

"சாப்பாடு?"

"ராத்திரி பரோட்டாவும் பீஃப் சுக்காவும் தினம் வேண்டாம். காய், பயறு, கீரை."

அவன் முகம் சுருங்கியது. மாத்திரை என்றால் இன்றே தொடங்கியிருப்பான். மாத்திரைக்கு ஒரு நிம்மதி உண்டு, விழுங்கியதும் கடமை முடிந்த மாதிரி. நான் சொன்னதில் அந்த நிம்மதி இல்லை.

பாட்டி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதத்தானடா நான் அன்னைக்கே சொன்னேன், பித்தம்னு" என்றாள்.

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. "ஆமா பாட்டி, கொஞ்சம் அதுவும்தான்" என்றேன். அடுத்த வாரம் ஸ்கோப்பிக்கு நாள் வாங்கியிருக்கிறோம், அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே நாளில்.